எலிக்கிழங்கும் வழுக்குப்பாசியும்

சாக்கை உதறியபோதுதான் அது விழுந்தது.

வீட்டுக்குப் பின்னால், மீன் காயப்போடும் கம்பத்தருகே நின்று, நேற்றுக் கிழங்கு கொண்டுவந்த மாவுச் சாக்கைக் கவிழ்த்து உதறிக்கொண்டிருந்தேன். உள்ளே திணித்திருந்த ஈரப்பாசி கட்டியாக விழுந்து உடைந்தது. அதற்குள் ஒரு துண்டு கிடந்தது. கட்டைவிரல் அளவு இருக்கும். வெளுத்த மஞ்சள் நிறம். எலிகள் சேர்த்துவைக்கிற கிழங்கில் இவ்வளவு பருமன் கிடையாது.

நகத்தால் கீறினேன். மஞ்சளாக எண்ணெய் கசிந்தது. கேரட் இலையைக் கசக்கினாற்போல ஒரு வாசனை. இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து நுனியிலிருந்து பாதிவரை பிளந்து பார்த்தேன். உள்ளே ஏணிப்படி மாதிரி குறுக்குத் தடுப்புகள், நடுவில் வெற்று அறைகள்.

பேய்க்கிழங்கு.

அம்மா ஒருமுறை கால்வாய் ஓரத்தில் ஒன்றைப் பிடுங்கிப் பிளந்து காட்டியிருக்கிறாள். காட்டிவிட்டுக் கத்தியை மணலில் இருபது தடவை தேய்த்துக் கழுவினாள். ஒரு விரல் அளவு போதும், வளர்ந்த ஆள் விழுந்துவிடுவான். ஒரு மணி நேரத்துக்குள் வலிப்பு வரும். ஒரு சின்னப் பிள்ளைக்கு எவ்வளவு போதும் என்று அப்போது நான் கேட்கவில்லை.

நான் கத்தியைக் கீழே வைத்தேன். கையைப் பாசியிலேயே துடைத்தேன். பிறகு, துடைத்த பாசியிலும் அது இருக்குமே என்று தோன்றியது. காலையில் ஏழு வீடுகளுக்குப் போன ஏழு பைகளும் அப்புறம்தான் நினைவுக்கு வந்தன.

நேற்று நான் கண்டது என்னுடைய முதல் எலிப்பொந்து. முன்பெல்லாம் அம்மாவின் பின்னால் சாக்கைப் பிடித்துக்கொண்டு நடந்ததுதான். நேற்று, ஈவோன் மாமாவின் மீன் முகாமில் அம்மாவும் மாமாவும் மீன் காயப்போடும் பரண்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, நான் தனியாகப் பின்பக்கத்துக்குப் போனேன். பாசிமெத்தைமேல் குதிகாலை ஊன்றி ஊன்றி நடந்தேன். ஓர் இடத்தில் கால் லேசாக உள்வாங்கியது. மண்டியிட்டுக் கையால் தட்டிப் பார்த்தேன். வெற்றிடத்தின் ஓசை. கத்தியால் மூன்று பக்கம் அறுத்து, நாலாவது பக்கத்தை விட்டுவிட்டு, பாசியை மூடிபோல் திறந்தேன். உள்ளே குளிர்காலத்துக்கென்று எலி அடுக்கியிருந்த பஞ்சுப்புல் கிழங்கு. ஒவ்வொன்றும் பூண்டுப் பல் மாதிரி, தோல் உரித்து, துடைத்து வைத்தது போல் இருந்தது. பாதியை எடுத்துக்கொண்டேன். எடுத்த இடத்தில் கருவாட்டுத் துண்டு மூன்றை வைத்தேன். மூடியை மூடி, ஓரங்களைக் காலால் அழுத்தினேன். மூடி விலகியிருந்தால் பனி இறங்கும், எலிக்குடும்பம் செத்துப்போகும். அடுத்த ஆண்டு அந்தப் பக்கம் நமக்கும் ஒன்றும் இருக்காது. எங்கள் ஊரில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு பெண் தானாகக் கண்டெடுக்கிற முதல் எடுப்பில் ஒரு கிழங்குகூட அவள் வீட்டில் தங்கக்கூடாது. முழுவதையும் ஊராருக்குக் கொடுத்துவிட வேண்டும். அவர்கள் வாங்கித் தின்ன வேண்டும். அப்போதுதான் நிலம் அவளுக்கு மறுபடியும் கொடுக்கும். அதனால் இன்று விடியும்போதே நான் கழுவி, கொட்டி, ஏழாகப் பிரித்தேன். அம்மா பள்ளிக்கூடச் சமையலறைக்கு வேலைக்குப் போகிற வழியில் வீடு வீடாகக் கொடுத்துவிட்டுப் போனாள். என்னையும் கூப்பிட்டாள். வெட்கப்பட்டுக்கொண்டு நான் போகவில்லை.

கழுவும்போது எத்தனை துண்டு கை தவறிக் கலந்திருக்கும்? இது ஒன்றுதான் பாசியில் சிக்கி நின்றதா? மற்றதெல்லாம் வெள்ளையாக, உரித்த பல் மாதிரி, பைகளுக்குள் போயிருக்குமா? இருட்டு விலகாத நேரம், சமையலறையில் ஒரே விளக்கு. ஒவ்வொன்றாகப் பார்த்தேன் என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை.

துண்டைக் காபி டப்பாவுக்குள், ஒட்டியிருந்த பாசியோடு போட்டு மூடினேன். உள்ளே ஓடிப் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் சமையலறையில் யாரும் எடுக்க மாட்டார்கள்.

மிச்சமிருந்தது வயர்லெஸ்தான்.

எங்கள் ஊரில் எல்லா வீட்டுச் சமையலறையிலும் அது இருக்கும். காலையிலிருந்து படுக்கிறவரை அணைக்க மாட்டார்கள். ஒருவர் பேசினால் ஊரே கேட்கும். அதனாலேயே நான் அதைத் தொட்டதில்லை. பள்ளிக்கூடத்தை நான் போன வருஷம் விட்டதும் இதனால்தான். எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் பதில் தெரியும், குரல் வராது.

யாரோ படகு இன்ஜினுக்குப் பிளக் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொருவர், இருக்கிறது, ஆனால் போன முறை கொடுத்தது இன்னும் திரும்பி வரவில்லையே என்று இழுத்தார். ஒரு சிரிப்பு. நான் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். பொத்தானை அழுத்தினேன், விட்டேன். அழுத்தினேன், விட்டேன்.

“யாரு அது மூச்சு மட்டும் விடுறது?” என்றது ஒரு குரல்.

“நான் பராஸ்கா” என்றேன். “ஒலின்கா மக.”

சத்தம் அடங்கியது. நான் வயர்லெஸ்ஸில் பேசி யாரும் கேட்டதில்லை.

“காலைல அம்மா குடுத்தாங்கல்ல, எலிக்கிழங்கு. அதை யாரும் திங்காதீங்க. சாக்குக்குள்ள பேய்க்கிழங்கு இருந்துச்சு. ஒரு துண்டு பார்த்தேன். வேற எங்க கலந்திருக்குன்னு எனக்குத் தெரியல.”

விட்டேன். மைக்கை மேசைமேல் வைத்தேன். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். நான் சொன்னது போகவே இல்லையோ என்று பயந்தேன்.

பிறகு ஒவ்வொரு வீடாகப் பேசியது. ஒருத்தி ஊறப்போட்டிருந்தாளாம், சட்டியோடு கொட்டிவிட்டாளாம். ஒருவர் வீட்டில் பையைத் திறக்காமலேயே குப்பைக்குழியில் கொட்டிவிட்டார்களாம். ஒரு கிழவர், எலி உன்னைப் பழிவாங்கிவிட்டதா என்று கேட்டார். அவர் மனைவி பின்னாலிருந்து அவரை வாயை மூடச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. நான் ஒரு தாளில் ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே வந்தேன். ஆறு பெயர் அடித்தாகிவிட்டது. லுகேரியா மதினியின் பெயர் மட்டும் நின்றது.

லுகேரியா ஈவோன் மாமாவின் மகள். எனக்கு மதினி முறை என்பதால் என்னைக் கேலி செய்வது அவளுடைய உரிமை. அந்த உரிமையை அவள் ஒரு நாளும் வீணாக்கியதில்லை. என்னை ஊமைக்குயில் என்றுதான் கூப்பிடுவாள்.

வயர்லெஸ்ஸில் மாமாவின் குரல் வந்தது.

“லுகேரியா காலைலயே முகாமுக்குப் போய்ட்டா. பிள்ளையையும் கூட்டிட்டுப் போயிருக்கா. அந்தப் பையைக் கையிலதான் வச்சிருந்தா. நான் பார்த்தேன். பராஸ்கா, கரைக்கு வா.”

நான் காபி டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினேன். பள்ளிக்கூடத்தில் இருந்த வயர்லெஸ்ஸில் கேட்டுவிட்டு அம்மாவும் சமையல் மேலங்கியைக் கழற்றாமலேயே வந்து சேர்ந்தாள். மாமா இன்ஜினைக் கிளப்பியிருந்தார். முகாமிலிருக்கும் கைவயர்லெஸ்ஸைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார், பதில் இல்லை. அதன் பேட்டரி ஒரு வாரமாகவே செத்துக்கிடக்கிறது என்று அவருக்கே தெரியும். கிளினிக்கில் வைத்தியம் பார்க்கிற ஆனிஸ்யா படகு வயர்லெஸ்ஸில் சொல்லிக்கொண்டே இருந்தாள்: வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக்கூடாது, வாந்தி எடுக்கவைக்கவும் கூடாது, நகரத்திலிருந்து விமானம் கேட்கிறாள், அது வந்திறங்க ஒன்றரை மணி நேரமாகும், இறங்குவதும் ஊரில்தான், முகாமில் இல்லை.

முகாமுக்குப் படகில் நாற்பது நிமிடம். காற்று எதிர்த்து அடித்தது. அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்.

“எத்தனை துண்டு?”

“நான் ஒண்ணுதான் பார்த்தேன்.”

“ஒண்ணுதான் பார்த்தியா, ஒண்ணுதான் இருந்துச்சா?”

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாமா திரும்பியே பார்க்கவில்லை. அவருடைய பிடரியை மட்டும் நான் நாற்பது நிமிடமும் பார்த்துக்கொண்டு வந்தேன். கடல் உள்வாங்க, ஆற்றிலும் நீர் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது வளைவில் படகின் அடி மணலைத் தொட்டு ஒரு கணம் நின்றது. மாமா துடுப்பால் உந்தித் தள்ளினார். துடுப்பைத் திரும்ப வைக்கும்போது அது இரண்டு முறை அவர் கையிலிருந்து நழுவியது.

முகாமில் புகை தெரிந்தது. கூடாரத்துக்கு வெளியே அடுப்பருகே லுகேரியா மதினி குந்தியிருந்து, சட்டியைக் கரண்டியால் வழித்துக்கொண்டிருந்தாள். படகு கரையில் ஏறுவதற்குள் மாமா தண்ணீரில் குதித்துவிட்டார்.

“என்னப்பா, மூணு பேரும் தொரத்திட்டு வர்றீங்க?” என்றாள் மதினி. என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. “ஊமைக்குயில் குடுத்ததைத் திருப்பிக் கேட்க வந்துருச்சா? வயித்துக்குள்ள போயிருச்சும்மா. கீறித்தான் எடுக்கணும்.”

“எப்போ தின்னே?” என்றார் மாமா.

“இப்பத்தான். மீன் சூப்புல போட்டேன். ஏன்?”

“ஊல்யா?”

“அவதான் முக்காவாசி தின்னா. தூங்குறா.”

மாமா கூடாரத்துக்குள் பாய்ந்தார். அம்மா மதினியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். மதினி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் நாக்கு வாய்க்குள்ளே உதட்டைத் தடவிப் பார்ப்பது வெளியிலிருந்தே தெரிந்தது.

கூடாரத்துக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அந்தப் பிள்ளைக்கு மூன்று வயது. என்னை அத்தை என்று கூப்பிடும். என் பாக்கெட்டில் கைவிட்டு எப்போதும் எதையாவது தேடும்.

அப்புறம் ஊல்யா சிணுங்கினாள். தூக்கத்தைக் கலைத்ததற்காகத் தாத்தாவை அடித்தாள். அந்த அடியின் சத்தம் எனக்கு வெளியே கேட்டது.

“வாய் எரியுதாடா கண்ணு?” என்று மாமா கேட்டார். “கசந்துச்சா?”

“இனிச்சுச்சு” என்றாள் பிள்ளை. “இன்னும் வேணும்.”

மாமா இருவரையும் உடனே படகில் ஏற்ற நினைத்தார். ஊல்யாவைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு ஓடினார். அங்கே போய்ப் பார்த்தால், நாங்கள் வந்திறங்கிய இடத்தில் தண்ணீர் இல்லை. படகு சேற்றில் சாய்ந்து கிடந்தது. வந்த வேகத்தில் அது கரைமேலேயே ஏறிவிட்டிருந்தது. மதினியின் படகு அதற்கும் மேலே கிடந்தது. நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து தள்ளினோம். முழங்கால்வரை சேற்றில் இறங்கியதுதான் மிச்சம். தண்ணீர் திரும்பிவர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ஒரு மணி நேரம். பேய்க்கிழங்குக்கு வேண்டியதும் அதே ஒரு மணி நேரம்தான்.

மாமா கைக்கடிகாரத்தைக் கழற்றி ஒரு பெட்டிமேல் வைத்தார். எல்லோரும் அதைச் சுற்றி உட்கார்ந்தோம். அம்மா சட்டியில் ஒட்டியிருந்ததையெல்லாம் விரலால் வழித்து, பலகைமேல் பரப்பி, ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்த்தாள். வெந்து குழைந்துபோனதில் எது எது என்று யாரால் சொல்ல முடியும்? பையில் வேகாமல் மிஞ்சியிருந்த ஒரு கைப்பிடியைத் தனியாகப் பிளந்து பார்த்தாள். எல்லாம் பஞ்சுப்புல்தான். அது எங்களுக்குத் தைரியம் தரவில்லை. மிஞ்சியதில் இல்லையென்றால் தின்றதில் இருக்கலாம்.

மதினி ஊல்யாவை மடியில் வைத்துக்கொண்டு, அவள் கண்மணிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை கொட்டாவி விட்டால்கூட நான்கு பேரும் நிமிர்ந்தோம்.

“ஏதாவது பேசுங்களேன்” என்றாள் மதினி. “சாவு வீட்டுல உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு.”

நான் காபி டப்பாவைத் திறந்தேன். எதையாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அந்தக் கடிகாரத்தைத் தவிர. துண்டு அப்படியே இருந்தது. ஒரு பக்கம் கூர்மையாக, மெல்லிய வேர்நுனிகளோடு. மறுபக்கம் புதிதாக ஒடிந்த வெள்ளை. நடுவில் என் கத்தி பட்ட பிளவு. அதைச் சுற்றிப் பாசி.

அந்தப் பாசியை அப்போதுதான் நான் சரியாகப் பார்த்தேன். பழுப்பு நிறம். தொட்டால் விரல் வழுக்கியது. வேரின் மயிர்களுக்குள் பின்னி, பிரிக்க முடியாதபடி இருந்தது.

எலிப்பொந்தின் மூடி சிவப்புப்பாசி.

“அம்மா” என்றேன். “இது பொந்துல இருந்து வரல.”

அம்மா திரும்பினாள்.

“கிழங்கு காஞ்சிடக்கூடாதுன்னு சாக்குக்குள்ள ஈரப்பாசி திணிச்சேன்ல. மூடியை எடுக்கக்கூடாது, பக்கத்துல பிய்ச்சா பொந்து ஆடிப்போகும்னு, திரும்பி வரும்போது கால்வாய் ஓரத்துல பிய்ச்சேன். ஒரு கை நிறைய. பார்க்காம பிய்ச்சேன். எலி தப்புப் பண்ணலை. நான்தான்.”

இவ்வளவு நீளமாக நான் அவர்களிடம் பேசியதில்லை. அம்மா டப்பாவை வாங்கிப் பாசியை இரண்டு விரலால் தேய்த்தாள். அவள் முகத்தில் முதல்முறையாக ஏதோ அசைந்தது.

“பிய்ச்ச இடம் தெரியுமா?”

“தெரியும்.”

“செடி அங்கேயேதான் நிக்கும். எத்தனை துண்டு ஒடிஞ்சிருக்குன்னு அதைப் பார்த்தா தெரியும்.”

மாமா எழுந்தார். உடனே உட்கார்ந்தார். மகளையும் பேத்தியையும் விட்டுப் போக அவரால் முடியாது. அம்மாவும் நகர முடியாது. வலிப்பு வந்தால் பிடிக்க இரண்டு பேர் வேண்டும்.

“நீ போய்ப் பாரு” என்றாள் மதினி. “இங்க உக்காந்து என் மூஞ்சியவே பார்த்துட்டிருக்காதே. எனக்கே பயமா இருக்கு.”

நான் போனேன். பாசிமேல் ஓட முடியாது. ஒவ்வொரு அடியும் உள்ளே போய் வெளியே வரும். அதில் ஓட நினைக்கிற ஆள் கனவில் ஓடுவது போலத்தான் ஓட வேண்டும். முதலில் எலிப்பொந்துக்குப் போனேன். நேற்று நான் அழுத்திய மூடி அப்படியே இருந்தது. மண்டியிட்டுச் சுற்றிலும் பார்த்தேன். சிவப்புப்பாசி, அதற்குள்ளிருந்து பஞ்சுப்புல், பழம் உதிர்ந்த சால்மன்பழச் செடி. வேறொன்றும் இல்லை.

சிவப்புப்பாசி யாருக்கும் சும்மா இடம் கொடுக்காது. ஒவ்வொரு கோடையிலும் கொஞ்சம் உயரும். அதில் நிற்கிற செடியும் கூடவே ஏற வேண்டும். ஏறாதது அதற்குள் முங்கிப்போகும். பஞ்சுப்புல்லுக்கு ஏறத் தெரியும். அடியில் கிடக்கும் உறைமண்ணைப் பாசி உருகவிடாமல் போர்த்தியிருக்கும்; அதனால் சால்மன்பழத்தின் வேர் ஆழம் போகாமல் பாசிக்குள்ளேயே படுத்து ஓடும். சிவப்புப்பாசிக்குள் தேங்கும் புளித்த தண்ணீரில் எங்கள் பக்கத்துப் பேய்க்கிழங்கு நிற்காது. அதற்கு அலம்பிக்கொண்டே இருக்கிற கால்வாய்த் தண்ணீர் வேண்டும். பிடித்துக்கொள்ள, டப்பாவில் இருந்ததுபோல் பழுப்பான வழுக்குப்பாசி வேண்டும். எலி தன் வீட்டைச் சுற்றி முப்பது அடிதான் போகும். அந்த முப்பது அடியையும் தவழ்ந்தே பார்த்தேன். பேய்க்கிழங்கின் குடைபோன்ற காய்ந்த பூ ஒன்றுகூட இல்லை.

அப்படியானால் பொந்திலிருந்து வந்தது சுத்தம். என் கையால் வந்ததுதான் மிச்சம்.

கால்வாய் ஓரத்தில் நான் பிய்த்த இடம் தூரத்திலிருந்தே தெரிந்தது. பழுப்புப் பாசியில் கறுப்பாக ஒரு காயம். நேற்றைய ஏற்றத்தில் தண்ணீர் அதன் ஓரத்தை அரித்து இன்னும் பெரிதாக்கியிருந்தது. காயத்துக்குமேல், காய்ந்து பழுப்பேறிய தண்டு ஒன்று சாய்ந்து கிடந்தது. தலையில் குடை. நேற்று அது என் முழங்கையில் உரசியிருக்க வேண்டும். எப்படிப் பார்க்காமல் போனேன்? அம்மா கூப்பிட்டாளென்று அவசரம். முதல் எடுப்பு என்ற சந்தோஷம் வேறு.

படுத்து, கையைச் சேற்றுக்குள் விட்டேன். பாசி அந்தக் கிழங்கை நூறு விரல்களால் பிடித்திருந்தது. சுற்றிலும் கத்தியால் அறுத்து, மெதுவாக, ஒடியாமல், முழுதாக வெளியே எடுத்தேன். தண்ணீரில் அலம்பினேன். ஐந்து கிளைக் கிழங்குகள் ஒரு கைபோல் விரிந்திருந்தன. மூன்று முழுசாக இருந்தன. இரண்டு இடத்தில் ஒடிந்திருந்தது.

இரண்டு.

டப்பாவைத் திறந்து துண்டை எடுத்தேன். விரல் மரத்துப்போயிருந்தது, தண்ணீருக்குள் போட்டுவிடுவேனோ என்று பயந்து சட்டையால் பிடித்துக்கொண்டேன். முதல் ஒடிவில் வைத்தேன். பொருந்தவில்லை. இரண்டாவதில் வைத்துத் திருப்பினேன். உடைந்த ரொட்டியின் இரண்டு பாதி போல் உட்கார்ந்தது. இடையில் மயிரிழைகூட நுழையாது.

அப்படியானால் அந்த முதல் ஒடிவு?

அதை நகத்தால் சுரண்டினேன். வெள்ளை தெரியவில்லை. மேலே கறுப்பாகத் தழும்பு கட்டியிருந்தது. இன்னும் சுரண்டினேன். தழும்புக்குமேலேயே வழுக்குப்பாசி முளைத்து வேர்விட்டிருந்தது, சின்னச் சின்ன இலையோடு. ஒரு இரவில் பாசி அப்படி ஏறாது. ஒரு கோடையாவது ஆகியிருக்கும். போன வசந்தத்தில் பனிக்கட்டி இடித்து ஒடித்திருக்கும், அல்லது நீரெலி கடித்திருக்கும். நேற்று என் கையோடு வந்தது ஒரே துண்டு. அது நுனிவரை முழுசாக, இதோ என் கையில் இருக்கிறது.

நான் அதை நம்பினேன். ஆனாலும் மறுபடி ஒருமுறை வைத்துப் பார்த்தேன். அதற்கப்புறமும் ஒருமுறை.

திரும்பி நடக்கும்போது முகாமின் பக்கமிருந்து சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தேன். காற்று எதையும் கொண்டுவரவில்லை. கூடாரம் தெரிகிற மேட்டில் ஏறியபோது, மதினி தரையில் படுத்திருப்பது தெரிந்தது. மாமா அவள் பக்கம் குனிந்திருந்தார்.

அதுவரை தெரிந்துகொண்ட எல்லாம் என் தலையிலிருந்து போய்விட்டது. இரண்டு முறை விழுந்து எழுந்து ஓடினேன்.

மதினி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

“முதுகு வலிக்குதுன்னு சித்தப் படுத்தேன். அதுக்குள்ள என்னைப் புதைக்க ஓடி வர்றியா?”

ஊல்யா அவள் வயிற்றின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். நான் கிழங்கையும் துண்டையும் அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா பொருத்திப் பார்த்தாள். மாமா வாங்கிப் பொருத்திப் பார்த்தார். கறுத்த தழும்பையும் அதன்மேல் முளைத்திருந்த பாசியையும் அம்மா கட்டைவிரலால் தடவினாள்.

“பழசு” என்றாள்.

பெட்டிமேலிருந்த கடிகாரத்தை மாமா எடுத்துப் பார்த்தார். மதினி தின்று ஒரு மணி பத்து நிமிடம் ஆகியிருந்தது. அவர் அதைக் கையில் கட்டப் பார்த்தார். வார் துளைக்குள் நுழையவில்லை. கடைசியில் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கரைப்பக்கம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

கிழங்கை அம்மா நெருப்பில் போட்டாள். எல்லோர் கையையும் மணலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவவைத்தாள். நாங்கள் புகைக்கு எதிர்ப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தோம்.

தண்ணீர் ஏறியதும் எல்லோரும் மாமாவின் படகிலேயே கிளம்பினோம். மதினியின் படகைக் கயிறு கட்டி இழுத்து வந்தோம். இருந்தாலும் ஆனிஸ்யாவிடம் காட்டிவிட வேண்டும் என்பதில் அம்மா பிடிவாதமாக இருந்தாள். பாதி வழியில்தான் எனக்கு மற்றது உறைத்தது. ஆறு வீட்டில் கொட்டிவிட்டார்கள். ஒரே பொந்தில் ஒரே வருஷத்தில் இரண்டாம் தடவை எடுக்கக்கூடாது. இன்னும் சில நாளில் நிலம் உறைந்துவிடும். கொடுத்ததை நானே ஊர் கேட்கத் திங்காதே என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் என் முதல் எடுப்பு யாரும் வாங்காத எடுப்பு. அதை யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தால் அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள் என்று தோன்றியது.

வளைவு தாண்டியதும் படகு வயர்லெஸ்ஸில் ஊர் கேட்கத் தொடங்கியது. எல்லோரும் ஒரே நேரத்தில் மாமாவைக் கேட்டார்கள். அவர் மைக்கை எடுத்து, மதினியிடம் நீட்டினார்.

“நான் லுகேரியா” என்றாள் அவள். “சாகலை. யாராச்சும் என் மீன்வலைக்கு ஆசைப்பட்டு வச்சிருந்தா மன்னிச்சுக்கோங்க. அந்தக் கிழங்குல ஒண்ணுமே இல்லை. துண்டு பாசியோட வந்தது, கிழங்கோட வரல. பராஸ்கா போய் மண்ணுக்குள்ளயிருந்து பிடுங்கிட்டு வந்து காமிச்சா. நீங்க ஆறு பேரும் நல்ல கிழங்கைக் கொட்டிட்டீங்க. நாங்க தின்னோம். நானும் என் மகளும். அவளோட முதல் எடுப்பை நாங்க வாங்கித் தின்னாச்சு. அது போதும்ல?”

இரைச்சல். பிறகு, எலி பழிவாங்கிவிட்டதா என்று முன்பு கேட்ட கிழவரின் குரல், போதும் என்றது. அவர் மனைவியும் பின்னாலிருந்து, போதும் போதும், எப்படி இருந்தது என்று கேட்டாள்.

“இனிச்சுச்சு” என்றாள் மதினி. மைக்கை வைத்தாள்.

விமானம் வேண்டாமா என்று ஆனிஸ்யா கேட்டாள். வேண்டாம், ஆனால் நேரே உன்னிடம்தான் வருகிறோம் என்று அம்மா சொன்னாள்.

ஊல்யா என் மடியில் தூங்கிவிட்டாள். அவள் கை என் பாக்கெட்டுக்குள் இருந்தது. வழக்கமான தூக்கம்தான், மத்தியானத்தில் பாதியில் கலைந்த தூக்கம். எனக்கு அது தெரியும். இருந்தாலும் ஒரு விரலை அவள் மூக்குக்குக் கீழே வைத்துக்கொண்டேன். இன்ஜின் அதிர்வில் மூச்சு தெரிகிறதா என்று புரியாமல், விரலை எச்சிலால் நனைத்து மறுபடி வைத்தேன். சில்லென்று பட்டது. நின்றது. மறுபடி பட்டது.

மதினி அதைப் பார்த்துவிட்டாள். கேலி செய்வாள் என்று நினைத்தேன். அவள் தன் கழுத்துத்துணியை அவிழ்த்து என் கையையும் பிள்ளையின் முகத்தையும் சேர்த்துக் காற்று படாமல் மூடினாள். ஊர்க்கரை வரும்வரை நான் விரலை எடுக்கவில்லை.